டீசல் பிக்கப்: எந்த வேகத்தில் ஓட்டினால் மைலேஜ் கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா மாதிரி வண்டிகளை வைத்து லோடு அடிப்பவர்களுக்கு டீசல்தான் பெரிய செலவு. வண்டியின் விலையையோ வாடகையையோ நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிப்பது என்பது மட்டும் நம் காலில் இருக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

சுருக்கமாகச் சொல்லுங்கள், சிக்கனமான வேகம் எது?

நிற்காமல் போகிற சாலையில், டாப் கியரில், 50 முதல் 60 கி.மீ. வரை. மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் கார்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வேகம் 45–55. 80-ல் போவதைவிட இந்த வேகத்தில் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்கிறது அது. பிக்கப் காரைவிட உயரமானது, முகம் தட்டையானது. எனவே இந்த அறிவுரை காரைவிட நமக்குத்தான் அதிகம் பொருந்தும்.

பத்து இருபது கி.மீ. வேகம் கூடினால் டீசல் ஏன் இவ்வளவு குடிக்கிறது?

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னால் இழுக்கின்றன: டயர் உருளும்போது ஏற்படும் தடை, காற்றுத் தடை. டயர் தடை எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்று அப்படி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். லோடும் வண்டியும் சேர்த்து 3 டன், முகப்பு 3 சதுர மீட்டர், காற்று இழுவைக் கெழு (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண்) 0.5, டயர் தடை எடையில் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை வண்டிக்கு இவை நியாயமான எண்கள்தான். அப்போது டயர் தடை எந்த வேகத்திலும் 36 கிலோ அளவுக்குப் பின்னால் இழுக்கும். காற்றோ 40 கி.மீ. வேகத்தில் 11 கிலோ, 60-ல் 24 கிலோ, 80-ல் 43 கிலோ, 100-ல் 68 கிலோ. அதாவது 60 வரை டயர்தான் பெரிய எதிரி. 70-ஐத் தாண்டியதும் காற்று அதை முந்திவிடுகிறது. அதற்கு மேல் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் பெரும்பாலும் காற்றைத் தள்ளத்தான் போகிறது.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால்பங்குக்குச் சற்று அதிகம்தான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மீதி சூடாகப் போய்விடும். அந்தக் கணக்கில் இதே வண்டி 60-ல் லிட்டருக்கு 17 கி.மீ., 80-ல் 13-க்குக் கொஞ்சம் கீழே, 100-ல் 10-க்கும் கீழே கொடுக்கும். இது பிரேக், டிராஃபிக், மேடு எதுவும் இல்லாத கணக்கு. ரோட்டில் எல்லா எண்ணும் இதைவிடக் குறையும். இன்ஜின் லேசான லோடைவிட நடுத்தர லோடில் கொஞ்சம் திறமையாக வேலை செய்யும் என்பதால் 60-க்கும் 80-க்கும் உள்ள இடைவெளியும் சற்றுச் சுருங்கலாம். ஆனால் திசை மாறாது.

அப்படியென்றால் 30-ல் போனால் இன்னும் மிச்சமாகுமே?

ஆகாது. ஓடுகிறதோ இல்லையோ, இன்ஜின் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளவே டீசல் வேண்டும். பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்பு, தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர் எல்லாம் ஓடும் நேரத்தைப் பொறுத்துச் சாப்பிடுகிறவை. மெதுவாகப் போனால் அதே தூரத்துக்கு அதிக நேரம் ஆகும், அந்தச் செலவு கூடும். போதாக்குறைக்கு 30-ல் டாப் கியர் இழுக்காது. மூன்றாவதுக்கு இறக்க வேண்டும், ஆர்பிஎம் (இன்ஜின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள்) ஏறும். வேகத்தையும் மைலேஜையும் வரைந்து பார்த்தால் நடுவில் ஒரு மேடும் இரண்டு பக்கமும் சரிவுமாக இருக்கும். இடது பக்கச் சரிவு இன்ஜினால் வருவது, வலது பக்கச் சரிவு காற்றால் வருவது.

சரி, 60-ல் போனால் நேரம் போகுமே? அதற்கு மதிப்பு இல்லையா?

இருக்கிறது. மைலேஜ் பற்றிப் பேசுபவர்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

திருச்சியிலிருந்து சென்னைக்குச் சுமார் 330 கி.மீ. மேலே சொன்ன அதே வண்டி, டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைப்போம். சீராக 60-ல் போனால் ஐந்தரை மணி நேரம், பத்தொன்பதரை லிட்டர். 70-ல் போனால் நாலே முக்கால் மணி நேரம், இருபத்திரண்டரை லிட்டர். 80-ல் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், இருபத்தைந்தரை லிட்டருக்குச் சற்று அதிகம்.

இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 60-லிருந்து 70-க்குப் போகும்போது சுமார் 270 ரூபாய் கூடுதல் செலவில் 47 நிமிடம் கிடைக்கிறது. 70-லிருந்து 80-க்குப் போகும்போது சுமார் 300 ரூபாய் கொடுத்து 35 நிமிடம்தான் வாங்குகிறோம். விலை ஏறுகிறது, சரக்கு குறைகிறது. அடுத்த பத்துக்குப் போனால் இன்னும் மோசம்.

ஆகவே என் தீர்ப்பு ஒரே எண் இல்லை. விடிவதற்குள் கோயம்பேட்டில் இறக்க வேண்டிய கீரையும் பூவும் என்றால் 70-ல் போவதில் தப்பில்லை. அரை மணி நேரம் பிந்தினால் விலையில் போவது டீசலில் மிச்சமானதைவிட அதிகமாக இருக்கும். சிமெண்ட், டைல்ஸ், வீடு மாற்றும் சாமான் என்றால் 60 போதும். 80 எதற்கு என்று கேட்டால், அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியதற்கு அபராதம் என்றுதான் சொல்வேன். நடுவில் ஒரு டீக்கடையில் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அதை ஈடுகட்ட ரோட்டில் மிதிப்பது இருக்கிறதே, அது முந்நூறு ரூபாய் டீ.

லேசான லோடு ஏற்றினால் மைலேஜ் நன்றாகத்தானே வர வேண்டும்? எனக்குக் குறைகிறதே?

என்ன லோடு என்று பாருங்கள். பஞ்சு மெத்தை, தெர்மோகோல், காலி பிளாஸ்டிக் கிரேட், வைக்கோல் இவற்றில் எடை இருக்காது, உயரம் இருக்கும். கேபினுக்கு மேல் நாலடி எழும்பி நிற்கிற லோடு காற்றை ஒரு சுவராக எதிர்கொள்கிறது.

அரிசி மூட்டை ஏற்றிய 3 டன் வண்டியையும், மெத்தை அடுக்கிய 2 டன் வண்டியையும் ஒப்பிடுவோம். மெத்தை வண்டிக்குக் காற்றில் படும் பரப்பும் இழுவையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது என்று கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் அரிசி வண்டியை இழுக்க 47 கிலோ விசை வேண்டும், மெத்தை வண்டிக்கு 42 போதும். 60-ல் நிலைமை தலைகீழ்: அரிசிக்கு 60, மெத்தைக்கு 65. 80-ல் அரிசிக்கு 79, மெத்தைக்கு 96. ஒரு டன் எடை குறைந்தும் டீசல் அதிகம். உயர லோடுக்கு வேகத்தைக் குறைப்பதுதான் பெரிய சிக்கனம். குறுக்குக் காற்றில் வண்டி ஆடுவதும் அதனால் குறையும்.

தார்ப்பாய் கட்டினால் மிச்சமாகுமா? பின்கதவை இறக்கிவிட்டால்?

இழுத்துக் கட்டிய தார்ப்பாய் உதவும், படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் கெடுக்கும். கயிற்றை இன்னொரு முடிச்சு இறுக்குவது காசு செலவில்லாத மைலேஜ். உயரத்தைப் பரவலாக, கேபின் மட்டத்தை ஒட்டி அடுக்க முடிந்தால் அதைவிட நல்லது. கூரைக்கு மேல் சும்மா நிற்கிற கேரியரும் காற்றைத் தடுக்கத்தான் செய்யும்.

காலி வண்டியில் பின்கதவை இறக்கிவிட்டால் காற்று 'உள்ளே புகுந்து வெளியே போய்விடும்' என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. கதவு மூடியிருந்தால் திறந்த பாடிக்குள் காற்று ஒரு சுழலாகத் தேங்கிவிடும்; மேலே வரும் காற்று அந்தச் சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கதவை இறக்கினால் அந்தச் சுழல் கலைந்துவிடும், ஆதாயம் எதுவும் இருக்காது. பின்னால் வரும் பைக்காரருக்கு அந்தக் கதவு ஆபத்து என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூடியே வையுங்கள்.

ஆடி மாதத்தில் மட்டும் நாகர்கோவில் நடைக்கு டீசல் கூடுகிறது. வண்டியில் கோளாறா?

காற்றில்தான் கோளாறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள் அவை; முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைப் பக்கத்து ரோடுகளிலும் இதே கதை.

ஸ்பீடோமீட்டர் 60 காட்டினாலும், எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் வண்டிக்கு அது 90. காற்றுத் தடை 24 கிலோவிலிருந்து 55 கிலோவாகிவிடும். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி 11-க்கு இறங்கிவிடும். திரும்பி வரும்போது முதுகுக் காற்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், ஆனால் போனது முழுவதும் வராது. இந்த மாதங்களில் மேற்கே போகும் நடையில் வேகத்தைப் பத்து குறைப்பது மற்ற நாளில் குறைப்பதைவிட அதிகம் மிச்சப்படுத்தும். மெக்கானிக்கிடம் போய் இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன், எந்தத் திசையில் ஓட்டும்போது மைலேஜ் குறைகிறது என்று பாருங்கள்.

எந்த ஆர்பிஎம்மில் வைத்து ஓட்ட வேண்டும்?

டீசல் இன்ஜினின் நல்ல இடம் அதன் முழு டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கும் எல்லை. பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் இன்ஜினுக்கு அது சுமார் 1400 முதல் 2200 வரை. டாப் கியரில் 55–60-ல் போகும்போது பெரும்பாலான பிக்கப்கள் இந்த எல்லைக்குள் நிதானமாக ஓடும். ஆர்பிஎம் மீட்டர் இல்லாவிட்டால் காதை நம்புங்கள். மிதித்தும் வண்டி ஏறாமல் முக்கினால், கியர் நெம்பு நடுங்கினால், ஒரு கியர் இறக்குங்கள். முக்க வைத்து ஓட்டுவது சிக்கனம் இல்லை. அதில் புகை கூடும், கிளட்சும் பேரிங்கும் அடி வாங்கும்.

கியர் மாற்றுவதை இழுத்துக்கொண்டே போவதும் வீண். 2000 தாண்டியதும் அடுத்த கியருக்குப் போய்விடலாம். பெட்ரோல் வண்டி பழக்கத்தில் கத்தவிட்டு மாற்றுகிறவர்கள் டீசலில் அதை விட்டுவிட வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே?

இல்லை, செலவுதான். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசல் ஊற்றுவதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரயில் இன்ஜின்கள் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரல் போட்டால் அந்த உதவி போய்விடும், இன்ஜின் அணையாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்க (ஐடிலிங்) டீசல் ஊற்ற வேண்டியிருக்கும். அதாவது கியரில் பூஜ்ஜியம், நியூட்ரலில் கொஞ்சம்.

சாவியை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் சிலர் உண்டு. பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் வேக்கத்தை (வெற்றிடத்தை) கொடுப்பது இன்ஜினால் ஓடும் பம்பு. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் போகும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவில் நாலைந்து ரூபாய்க்காக இதைச் செய்பவரோடு பேசிப் பயனில்லை. சாவியை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊருக்குள் ஓட்டும்போது வேகம் முக்கியமா?

வேகத்தைவிட நிறுத்தம் முக்கியம். 3 டன் வண்டியை 80 வரை கொண்டுபோகச் சுமார் 75 மில்லி டீசல் தேவை. பிரேக் அடித்ததும் அது அப்படியே பிரேக் டிரம்மில் சூடாகிவிடும். ஒரு முறை 80-லிருந்து நின்று கிளம்பினால் ஏழு ரூபாய். 60-லிருந்து என்றால் நாலு ரூபாய். பத்து சிக்னல், பத்துப் பேருந்து நிறுத்தம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னல் சிவப்பாக இருப்பது தூரத்திலேயே தெரிந்தால் காலை எடுத்துவிடுங்கள், வண்டி தானாகத் தளரட்டும். மூட்டை இறக்கும்போது இன்ஜினை அணையுங்கள். சும்மா ஓடுகிற இரண்டரை லிட்டர் இன்ஜின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும்.

மலையேற்றத்தில்?

வேகக் கணக்கு அங்கே செல்லாது. நூற்றுக்கு ஒரு அடி ஏறுகிற மேடே 3 டன் வண்டியை 30 கிலோ கூடுதலாக இழுக்கும். ஆறு அடி ஏறினால் 180 கிலோ. அதன் பக்கத்தில் காற்று ஒன்றுமே இல்லை. சரியான கியரில், முக்காமல், ஓவர்லோடு இல்லாமல் ஏறுங்கள்.

ஸ்பீடு கவர்னர் இருப்பதால் 80-க்கு மேல் போகவே முடியவில்லை. கழற்றிவிடலாமா?

வேண்டாம். 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிகளுக்கு 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். கழற்றினால் எஃப்சி (தகுதிச் சான்று) நேரத்தில் சிக்கல், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் அதைவிடப் பெரிய சிக்கல். ஏற்கெனவே பார்த்த கணக்குப்படி 80-க்கு மேல் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

எரிபொருளை மிச்சப்படுத்த அமெரிக்காவில் வேகத்துக்கே சட்டம் போட்டார்களாமே?

உண்மை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், அதிபர் நிக்சன் 1974 ஜனவரியில் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்ற உச்சவரம்பில் கையெழுத்திட்டார். நம் கணக்கில் ஏறக்குறைய 88 கி.மீ. நீண்ட நெடுஞ்சாலைகள் உள்ள மேற்கு மாநிலங்களில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1987-ல் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளுக்கு 65 மைலாகத் தளர்த்தி, 1995-ல் மொத்தமாகவே நீக்கிவிட்டார்கள். அங்கே ஓடுகிற ஃபோர்டு, ரேம் டீசல் பிக்கப்களுக்கும் இயற்பியல் இதேதான். 6 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள இன்ஜின் 120-ல் அலட்டிக்கொள்ளாமல் போகும். அலட்டிக்கொள்ளவில்லை என்பதாலேயே குடிப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது.

ஏசி போடுவதா, கண்ணாடியை இறக்குவதா?

ஊருக்குள் கண்ணாடி, ஹைவேயில் ஏசி. இரண்டுக்கும் வித்தியாசம் சிறியதுதான். ஏழு மணி நேரம் ஓட்டுகிற டிரைவர் களைக்காமல் இருப்பது அதைவிடப் பெரிது.

பிஎஸ்-6 வண்டியில் மெதுவாகவே ஓட்டினால் டிபிஎஃப் அடைக்கிறதே?

நியாயமான கேள்வி. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரல் முதல் வந்த டீசல் வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு; அதுதான் டிபிஎஃப். அதில் கரி நிறைந்ததும், இன்ஜின் கூடுதல் டீசலை எரித்துச் சைலன்சர் பாதையைச் சூடாக்கி அந்தக் கரியைச் சாம்பலாக்கும். அதற்குச் சீரான ஓட்டம் கொஞ்ச நேரம் வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்று, மறுபடி மறுபடி தொடங்கும். மைலேஜ் விழும், கடைசியில் விளக்கு எரியும்.

இதற்கு 80-ல் விரட்ட வேண்டியதில்லை. விளக்கு எரிந்தால் வண்டிக் கையேட்டில் சொன்னபடி, நெரிசல் இல்லாத ரோட்டில் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ நிற்காமல் 60-ஐ ஒட்டி, தேவைப்பட்டால் ஒரு கியர் குறைத்து ஓட்டினால் பெரும்பாலும் போதும். நடுவில் சாவியை அணைக்காதீர்கள்.

நான் முதலாளி. டிரைவர் வேகத்தைக் குறைக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

அவருக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நடைக்கு இவ்வளவு என்று பேட்டா கொடுத்தால், சீக்கிரம் முடித்து அடுத்த நடை எடுப்பதுதான் அவருக்கு லாபம்; டீசல் உங்கள் காசு. ஜிபிஎஸ் வைத்து 70 தாண்டினால் போன் அடிப்பது கொஞ்ச நாள் வேலை செய்யும், அப்புறம் சண்டையில் முடியும். வழக்கமான ரூட்டுக்கு இவ்வளவு லிட்டர் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அதில் மிச்சமானதில் பாதி அவருக்கு என்றால் யாரும் கண்காணிக்க வேண்டியதில்லை. அதே நேரம் நேர நெருக்கடியை உண்டாக்குவது நீங்களாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு லோடு ஏற்றிவிட்டு, பத்து மணிக்குப் போய்ச் சேரவில்லையா என்று கேட்பவரிடம் டிரைவர் வேறு என்ன செய்வார்?

நீங்கள் சொல்வதை நம்பாமல் நானே சோதிப்பது எப்படி?

அதுதான் சரி. ஒரே பங்க், ஒரே நாசில், தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள்; அதற்கு மேல் அழுத்தி ஊற்ற விடாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஒரே ரூட், ஏறக்குறைய ஒரே லோடு, போகவும் வரவும். ஒரு வாரம் 60, ஒரு வாரம் 75. ஒவ்வொரு முறையும் அதே பங்கில் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து எழுதுங்கள். ஒரு நடையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். காற்றும் டிராஃபிக்கும் ஏமாற்றும். டயர் காற்றை வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுப்படி இரண்டு வாரமும் ஒரே மாதிரி வையுங்கள். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால், வேகத்துக்கு போனில் உள்ள ஜிபிஎஸ்ஸைப் பார்ப்பது மேல்.